ஈரம் பார்த்துப் பானை: வடசென்னையில் சக்கர வகுப்பில் சேர்கிறவர்களுக்கு

பானையில் விரிசல் விழுந்தால் பலரும் முதலில் மண்ணைத்தான் குறை சொல்கிறார்கள். வகுப்பில் வீணாகிற பொருட்களைக் கூர்ந்து பார்த்தால் பெரும்பாலும் ஈரத்தில்தான் தவறு இருக்கும். பிசைந்த மண்ணில் ஒரு பக்கம் இளகல், மறுபக்கம் கட்டி. சக்கரத்தில் தேவைக்கு மேல் தண்ணீர். கைப்பிடி ஒட்டும் நேரத்தில் கோப்பை காய்ந்துபோயிருக்கும். சூளைக்குள் ஏற்றும் நேரத்தில் அடிப்பாகம் காயாமல் இருக்கும். ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று கடற்காற்றுக்குள் உட்கார்ந்து கற்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அதனால் இந்தப் பதிவில், மண்ணைப் பிசைவதிலிருந்து சூளையில் கடைசிச் சூடு வரை, தண்ணீர் எங்கெங்கே என்ன செய்கிறது என்றுதான் எழுதப்போகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். புரசைவாக்கத்தை ஒட்டிய கொசப்பேட்டையில் விநாயகர் சதுர்த்திக்கும் நவராத்திரிக்கும் நடக்கிற பொம்மை வேலை பெரும்பாலும் அச்சு வேலை. கிராமத்துக் குயவர்கள் பானை செய்வது வேறு முறை: சக்கரத்தில் வாயையும் கழுத்தையும் முடித்து, அடி திறந்தபடியே கனமாக எடுத்து, சற்றுக் காய்ந்தபின் உள்ளே கல்லைக் கொடுத்து வெளியே பலகையால் தட்டித் தட்டி அடியை மூடுவார்கள். ஸ்டூடியோ வகுப்பில் கற்பது மூன்றாவது முறை. கோப்பையோ கிண்ணமோ அடியோடு சேர்த்து ஒரே இருப்பில் சக்கரத்தில் எழும். 1971இல் புதுச்சேரியில் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரிதான் உயர்ந்த சூட்டில் சுடுகிற இந்த ஸ்டோன்வேர் முறை நம் பக்கம் வேரூன்றியதற்குப் பெரிய காரணம். மூன்று முறைகளில் எது உயர்ந்தது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒன்றில் சரியானது இன்னொன்றில் தவறாகிவிடும், அவ்வளவுதான்.

ஒரு உதாரணம். புதிதாகச் சேர்கிறவர்களில் பலர் மீன் குழம்புச் சட்டி செய்யத்தான் ஆசைப்படுகிறார்கள். காசிமேட்டுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அந்த ஆசை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் ஸ்டோன்வேர் மண்ணில் செய்த சட்டியை கேஸ் அடுப்பில் வைக்கக் கூடாது. 1200 டிகிரிக்கு மேல் சுட்ட ஸ்டோன்வேர் இறுகிக் கெட்டியாகிவிடும். அடியில் மட்டும் சூடு ஏறும்போது அடி விரியும், மேல்பக்கம் விரியாது, பிளந்துவிடும். குயவர் சட்டி தாங்குவதற்குக் காரணம் அதில் கலந்த மணலும், குறைந்த சூட்டில் சுட்டதால் மிச்சமிருக்கிற நுண்துளைகளும்தான். சட்டி வேண்டும் என்றால் குயவரிடம் வாங்குங்கள். ஸ்டூடியோவில் டீக் கோப்பை, சோற்றுக் கிண்ணம், ஊறுகாய்ச் சாடி செய்யுங்கள்.

ஸ்டூடியோவில் இருப்பது பொதுவாக இரண்டு மண். டெரகோட்டா என்பது இரும்புச்சத்துள்ள சிவப்பு மண். 1000 டிகிரியை ஒட்டிச் சுடுவது. சுட்ட பிறகும் தண்ணீரை உறிஞ்சும். ஸ்டோன்வேர் என்பது சைனா கிளே, பால் கிளே (ball clay) என்ற களிமண்களும் ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் என்ற கனிமப் பொடிகளும் சேர்ந்த கலவை. 1200க்கு மேல் சுடுவது. சிவப்பு மண் பொருள் தவறி ஸ்டோன்வேர் சூட்டுக்குள் போனால் உப்பி உருகி சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும், பக்கத்தில் இருக்கிற மற்றவர்களின் பொருளும் கெடும். அதனால்தான் அடியில் பெயரோடு மண்ணின் குறியையும் கீறச் சொல்கிறார்கள். அலட்சியம் செய்யாதீர்கள்.

பிசைதல்

சப்பாத்தி மாவை மடித்து மடித்துப் பிசைந்து பழகிய கை, மண்ணையும் அப்படியே மடிக்கப் பார்க்கும். மடித்தால் ஒவ்வொரு மடிப்பிலும் காற்று உள்ளே போகும். உள்ளங்கையின் அடிப்பகுதியால் முன்னும் கீழுமாக அழுத்தி, உருட்டித் தன் பக்கம் இழுத்து, மறுபடி அழுத்த வேண்டும். ஒரு கிலோ மண்ணுக்கு 50 அழுத்தமாவது தேவை. மேசை இடுப்புக்குக் கீழே இருந்தால் உடம்பின் எடை வேலை செய்யும், உயரமாக இருந்தால் மணிக்கட்டுதான் வலிக்கும். முடிந்ததும் கம்பியால் நடுவே அறுத்துப் பாருங்கள். ஓட்டையோ, நிறம் மாறிய கோடோ தெரியக் கூடாது. நிறம் மாறிய கோடு என்றால் ஈரம் இன்னும் ஒன்றாகக் கலக்கவில்லை என்று பொருள், அந்த இடத்தில்தான் சக்கரத்தில் கை துள்ளும்.

காற்றுக்குமிழ் இருந்தால் சூளையில் வெடிக்கும் என்று பல இடங்களில் சொல்லிக்கொடுக்கிறார்கள். உண்மையில் வெடிக்க வைப்பது காயாத மண்ணில் இருக்கிற தண்ணீர். 100 டிகிரியைத் தாண்டியதும் அது நீராவியாகி, வெளியேற வழி கிடைக்காமல் சுவரை உடைக்கிறது. நன்றாகக் காய்ந்த பொருளில் குமிழ் இருந்தாலும் பொதுவாக ஒன்றும் ஆகாது. குமிழால் வருகிற தொல்லை சக்கரத்தில்தான்.

சக்கரத்தில்

முதல் சில வகுப்புகளுக்கு 500 முதல் 750 கிராம் மண் போதும். அதைவிடக் குறைத்தால் விரல்களுக்கு இடம் இருக்காது, ஒரு கிலோவுக்கு மேல் போனால் மண் கையைத் தள்ளும். உருண்டையை நடுவில் அறைந்து ஒட்டி, ஓரத்தை விரலால் அழுத்தி மூடுங்கள், இல்லாவிட்டால் அடியில் தண்ணீர் புகுந்து உருண்டையே கழன்றுவிடும்.

நடு நிறுத்துவது, அதாவது சென்டரிங், கைவலிமையைப் பொறுத்த விஷயம் அல்ல. இடது முழங்கை தொடையிலோ இடுப்பிலோ ஊன்றியிருக்க வேண்டும். முழங்கை அந்தரத்தில் இருந்தால் மண் ஆடுவதற்கேற்பக் கையும் ஆடும். வலக்கைக்காரர்களுக்குச் சக்கரம் இடஞ்சுழியாகச் சுற்றட்டும், வேகம் முழுதாக இருக்கட்டும். இடது உள்ளங்கை பக்கவாட்டில் தள்ள, வலது கை மேலிருந்து அழுத்தும். மண்ணைக் கூம்பாக உயர்த்தி, மறுபடி இறக்கி, இப்படி மூன்று தடவை. கையை எடுக்கும்போது மெதுவாக எடுங்கள். வெடுக்கென்று எடுத்தால் அதுவரை நின்ற நடு அந்த நொடியில் போய்விடும். நின்றதா என்று பார்க்க, விரல் நுனியை அசையாமல் மண்ணுக்கு மிக அருகில் பிடியுங்கள். சுற்றும் மண்ணுக்கும் விரலுக்கும் இடையிலுள்ள இடைவெளி கூடிக்குறையாமல் இருந்தால் நின்றுவிட்டது.

புதியவர்கள் ஸ்பாஞ்சைப் பிழிந்து பிழிந்து தண்ணீர் ஊற்றுவார்கள். வழுக்கலுக்குத் தண்ணீர் தேவைதான், ஆனால் மண் அதைக் குடித்துக்கொண்டே இருக்கும். கையில் சேரும் சேற்றுக் குழம்பே நல்ல வழுக்கல் தரும், கை உராயத் தொடங்கினால் மட்டும் நனையுங்கள். உராயும் கையோடு தொடர்ந்தால் மண் முறுக்கிக்கொள்ளும். நனைத்துக்கொண்டே போனால் சுவர் உட்காரும். ஒரே மண்ணோடு கால் மணி நேரத்துக்கு மேல் போராடினால் அது இளகிப்போயிருக்கும். அதை எடுத்து, ஈரத்தை உறிஞ்சும் ஜிப்சம் பலகையில் வைத்துவிட்டுப் புதிய உருண்டை போடுங்கள்.

கட்டைவிரலால் நடுவைத் திறக்கும்போது அடியில் 8 முதல் 10 மி.மீ. விட வேண்டும். பின்னால் அடி வளையம் செதுக்க அந்தக் கனம் தேவை. ஊசியைக் குத்தி ஆழம் பாருங்கள், ஓட்டை தானே மூடிக்கொள்ளும். அதன்பின் பலர் விட்டுவிடுகிற ஒரு வேலை இருக்கிறது: அடியை அழுத்துவது. ஸ்பாஞ்சையோ மர ரிப்பையோ (வழவழப்பாக்கும் மரத் தகடு) நடுவிலிருந்து ஓரத்துக்கும், ஓரத்திலிருந்து நடுவுக்கும் இரண்டு மூன்று முறை அழுத்தி நகர்த்துங்கள். சுவரை இழுக்கும்போது விரல்களுக்கிடையே மண் இறுகிவிடும்; அடிக்கு அந்த இறுக்கம் கிடைப்பதில்லை. அதோடு கிண்ணத்துக்குள் தேங்கிய தண்ணீரும் சேர்ந்தால், அடி கடைசியில் காய்ந்து நெளிந்த கோடாகப் பிளக்கும். சில சமயம் அந்தக் கோடு சூளையிலிருந்து வெளியே வந்த பிறகுதான் தெரியும். குச்சியில் கட்டிய ஸ்பாஞ்சால் உள்ளே தேங்கும் தண்ணீரை ஒவ்வொரு இழுப்புக்குப் பின்னும் ஒற்றி எடுத்தாலே பாதி விரிசல் நின்றுவிடும்.

சுவர் இழுக்கும்போது வேகத்தைப் பாதியாகக் குறையுங்கள். உள்ளே இடக்கை விரல், வெளியே வலக்கை விரல், இரண்டும் எதிரெதிரே. அழுத்தம் அடியிலிருந்து தொடங்கட்டும். ஒரு சுற்றுக்கு ஒரு விரல் அகலத்துக்கு மேல் உயரக் கூடாது. வேகமாக உயர்ந்தால் சுவரில் கனமும் மெலிவும் சுருளாக விழும், மெலிந்த இடத்தில் மடங்கும். மூன்று இழுப்பில் கோப்பை எழ வேண்டும். ஒவ்வொரு இழுப்புக்குப் பின்னும் வாயை விரலால் லேசாக அழுத்திவிடுங்கள். கனம் 5 அல்லது 6 மி.மீ. இருந்தால் போதுமானது.

அளவில் ஏமாறாதீர்கள். ஸ்டோன்வேர் மண் ஈரத்திலிருந்து கடைசிச் சூடு வரை ஏறத்தாழ 12 சதவீதம் சுருங்கும். சரியான எண்ணை உங்கள் ஸ்டூடியோவில் கேட்டுக்கொள்ளுங்கள். 9 செ.மீ. உயரம் வேண்டுமென்றால் சக்கரத்தில் 10.2 செ.மீ. எடுக்க வேண்டும். கொள்ளளவில் இழப்பு இன்னும் அதிகம்: நீளம், அகலம், உயரம் மூன்றும் சுருங்குவதால் ஈரத்தில் 220 மி.லி. பிடித்த கோப்பை கடைசியில் 150 மி.லி.தான் பிடிக்கும். டீ டம்ளர் அளவுக்குச் செய்தேன், பொம்மைச் சாமான் மாதிரி வந்துவிட்டது என்று வருகிற புலம்பலுக்கு இதுதான் காரணம்.

காயவைத்தல்

வடசென்னையில் வகுப்பின் கடினமான பகுதி இதுதான் என்பது என் கருத்து. சக்கரம் எங்கும் ஒரே மாதிரி சுற்றும், காற்று அப்படி இல்லை.

வாரம் ஒரு வகுப்பு என்றால், இந்த ஞாயிறு எடுத்த கோப்பை அடுத்த ஞாயிறு செதுக்கும் பதத்தில் இருக்க வேண்டும். அந்தப் பதத்தில் நகம் பதியும், விரல் பதியாது. தூக்கினால் வடிவம் மாறாது. செதுக்கினால் மண் நீளச் சுருளாக வரும். பொடியாக உதிர்ந்தால் காலம் கடந்துவிட்டது, கருவியில் ஒட்டினால் இன்னும் நேரமாகவில்லை.

அக்னி நட்சத்திரத்தில் காலையில் நிலத்திலிருந்து அடிக்கிற வறண்ட காற்றுக்கு மூடாத கோப்பை சில மணி நேரத்தில் வாய்ப்பக்கம் வெளுத்துவிடும். அடி அப்போதும் ஈரமாகவே இருக்கும். வாய் முதலில் சுருங்க, அடி பிறகு சுருங்க, வாயிலிருந்து நேர்க்கோடாக விரிசல் இறங்கும். ஆகவே வெயில் காலத்தில் வாய் சற்று இறுகியதும் கோப்பையைக் கவிழ்த்து வையுங்கள், மேலே பிளாஸ்டிக் உறையை இரட்டையாகப் போடுங்கள். மின்விசிறிக்குக் கீழே எதையும் வைக்காதீர்கள், காற்று படுகிற பக்கம் மட்டும் காய்ந்து கோப்பை கோணும்.

ஐப்பசி கார்த்திகையில் நிலைமை தலைகீழ். வடகிழக்குப் பருவமழை நாளில் பிளாஸ்டிக்கில் சுற்றிய கிண்ணம் வாரம் கழித்தும் சக்கரத்தில் இருந்து எடுத்த மாதிரியே இருக்கும். அப்போது பிளாஸ்டிக் வேண்டாம், ஒரு சுற்று செய்தித்தாள் போதும், அதையும் பகலில் பாதி நேரம் எடுத்துவிடலாம். மண்ணில் கரும்புள்ளியாகப் பூஞ்சை வந்தால் பயப்பட வேண்டாம், சூளையில் எரிந்துபோகும்.

எல்லா மாதத்துக்கும் ஏற்ற வழி ஒரு ஈரப்பெட்டி. இறுக்கமான மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் டப்பாவில் இரண்டு அங்குல உயரத்துக்கு ஜிப்சம் (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) கரைத்து ஊற்றி, இறுகியபின் அரை லிட்டர் தண்ணீரை அது குடிக்கும்படி விடுங்கள். உள்ளே வைத்த கோப்பை ஒரு வாரமானாலும் பதம் மாறாது. ஜிப்சம் துகள் மண்ணில் மட்டும் கலக்கக் கூடாது. சுட்ட பிறகு அது ஈரத்தை இழுத்து வீங்கி, கோப்பையின் மேற்பரப்பைப் பெயர்த்துவிடும்.

கைப்பிடிக்கு ஒரே விதி: கோப்பையும் கைப்பிடியும் ஒரே பதத்தில் இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் கீறி, அதே மண்ணின் குழம்பைத் தடவி, அழுத்தி ஒட்டி, சேர்ந்த இடத்தில் பிளாஸ்டிக்கைச் சுற்றி ஒருநாள் முழுக்க மூடி வையுங்கள். கைப்பிடி மெலிந்தது, முதலில் காயும், மூடாவிட்டால் தானே பிய்த்துக்கொள்ளும்.

தண்ணீரின் தரமும் கணக்கில் வரும். மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறியிருப்பது பல காலமாகத் தெரிந்த விஷயம், கடலோரத்தில் பல இடங்களில் போர்த் தண்ணீர் உப்பு. அந்தத் தண்ணீரில் குழைத்த சிவப்பு மண் காயும்போது உப்பு மேலே வந்து வெள்ளைப் படலமாகத் தங்கும். சுட்டாலும் போகாது. கிளேஸ், அதாவது சூளையில் உருகிக் கண்ணாடிபோல் படிகிற பூச்சு, அதன் கரைசலிலும் உப்பு சேர்ந்தால் கரைசலின் பதம் மாறும். மெட்ரோ வாட்டரோ கேன் தண்ணீரோ பயன்படுத்துவது நல்லது.

சூளை

முழுதாகக் காய்ந்ததா என்று தெரிய, பொருளைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். குளிர்ந்தால் ஈரம் இருக்கிறது. இன்னும் நம்பகமான வழி சமையலறைத் தராசு: இன்றைக்கும் நாளைக்கும் எடை மாறவில்லை என்றால் காற்றில் காய வேண்டியது காய்ந்துவிட்டது. ஆனால் மழைக்காலக் காற்றே ஈரமாக இருப்பதால், எடை நின்ற பிறகும் மண்ணுக்குள் கொஞ்சம் தண்ணீர் மிச்சமிருக்கும். அதனால் நம் ஊரில் முதல் சூட்டை (கிளேஸ் பூசுவதற்கு முன் சுடுவது) 80, 90 டிகிரியில் சில மணி நேரம், கனமான பொருள் இருந்தால் இரவு முழுக்க, பார்வைத் துளையைத் திறந்து நிறுத்தி வைப்பது அவசியம். பிறகு 600 வரை மணிக்கு 100 டிகிரிக்கு மேல் ஏற்றாதீர்கள். ஏறத்தாழ 350 முதல் 600க்குள் களிமண்ணின் கட்டமைப்போடு பிணைந்த தண்ணீர் வெளியேறும், 573இல் குவார்ட்ஸ் திடீரென விரியும். அதன்பின் 1000 வரை வேகமாகப் போகலாம். இறங்கும்போதும் அதே 573 வரும், அதனால் சூளையைச் சூடாகத் திறக்க அவசரப்படக் கூடாது. 100க்குக் கீழே வரட்டும்.

சூட்டைக் கோன் எண்ணில் சொல்வார்கள். கோன் என்பது குறிப்பிட்ட சூட்டில் வளைகிற சிறு கூம்பு. இங்கே ஒரு சுழியம் பெரிய விபத்தை உண்டாக்கும். கோன் 06 என்பது சுமார் 1000 டிகிரி, முதல் சூட்டுக்கானது. கோன் 6 என்பது சுமார் 1220 டிகிரி, ஸ்டோன்வேர் கிளேஸுக்கானது. வெளியில் கிளேஸ் வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் டப்பாவில் எந்த எண் என்று இரண்டு முறை படியுங்கள்.

கிளேஸ் ஒட்டுவதும் ஈரத்தின் வேலைதான். முதல் சூடு கண்ட பொருள் தண்ணீரை உறிஞ்சும், அந்த உறிஞ்சலில்தான் கிளேஸ் துகள்கள் மேலே படிகின்றன. தூசியை ஈர ஸ்பாஞ்சால் துடையுங்கள், குழாயடியில் கழுவாதீர்கள். கழுவினால் நுண்துளை நிறைந்து கிளேஸ் மெலிதாகவே படியும். மதிய உணவு முடித்து எண்ணெய்க் கையோடு தொட்டால் அந்த இடத்தில் கிளேஸ் விலகிச் சுருண்டு மண் தெரியும். வாளியின் அடிவரை கலக்கி, 3 நொடி முக்கி, எடுத்து, சொட்டு நிற்கும் வரை பிடியுங்கள். அடியிலும் அடியிலிருந்து 3 மி.மீ. உயரம் வரையிலும் துடைத்துவிடுங்கள், வழிகிற கிளேஸ் என்றால் இன்னும் அதிகம்.

சுட்டு வந்தபின் கிளேஸில் மெல்லிய வலைபோல வெடிப்பு தெரிந்தால், குளிரும்போது கிளேஸ் மண்ணைவிட அதிகமாகச் சுருங்கியிருக்கிறது. பார்க்க அழகாக இருந்தாலும் தினமும் சாப்பிட அதை வைத்துக்கொள்ள மாட்டேன், வெடிப்புக்குள் உணவு தங்கும். நம் சமையலில் புளியும் எலுமிச்சையும் அதிகம் என்பதால் ஒரு சோதனை: எலுமிச்சைத் துண்டை கிளேஸின் மேல் ஒரு இரவு வைத்துவிட்டுக் காலையில் துடையுங்கள். நிறம் மாறியிருந்தாலோ பளபளப்பு போயிருந்தாலோ அதை ஊறுகாய்க்கு வைக்காதீர்கள், பேனா போட்டு வைக்கலாம். மாறவில்லை என்பதால் மட்டும் பாதுகாப்பானது என்று ஆகாது, ஈயம் இல்லாத கிளேஸ்தானா என்று ஸ்டூடியோவில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சுத்தம் பற்றி இரண்டே விஷயம். காய்ந்த மண்ணைத் துடைப்பத்தால் பெருக்கக் கூடாது, ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும். அந்தத் தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலில் தங்கிவிடும். கிளேஸ் பொடி கலக்கும்போது என்-95 முகமூடி கட்டாயம். சேற்றுத் தண்ணீரைக் கழிவுத் தொட்டியில் ஊற்றக் கூடாது, குழாய் அடைத்தால் தெருவுக்கே தொல்லை. மூன்று வாளிகள் வரிசையாக வைத்து, முதல் வாளியில் கை கழுவி, தெளிந்த நீரை அடுத்ததற்கு மாற்றினால் தண்ணீரும் மிச்சம், அடியில் தங்குகிற மண்ணும் திரும்பக் கிடைக்கும். சுடும் முன்பே வீணான பொருளை மறுபடி மண்ணாக்க அரைகுறை ஈரத்தில் ஊறவைக்காதீர்கள், கட்டியாகவே கிடக்கும். முழுக்கக் காயவிட்டுத் தண்ணீரில் போட்டால் கொஞ்ச நேரத்தில் தானே கரையும்.

சேர்வதற்கு முன் ஸ்டூடியோவில் கேட்க வேண்டியவை: கட்டணத்தில் மண்ணும் இரண்டு சூடும் அடக்கமா, அல்லது சூட்டுக்கு எடை பார்த்துத் தனிக் காசா? சூளை ஏற்றுவதைக் கூட நின்று பார்க்க விடுவார்களா? நடுவில் மின்சாரம் போனால் என்ன செய்கிறார்கள்? முதல் சூடு பாதியில் நின்றால் ஆறிய பின் மறுபடி ஏற்றிக்கொள்ளலாம், கிளேஸ் சூட்டில் நின்றால் முடிவு மாறலாம், அனுபவமுள்ளவர் இதை நேராகச் சொல்வார். கடைசியாக, வகுப்பில்லாத நாட்களில் உங்கள் கோப்பையின் உறையை யார் திறந்து மூடுவார்கள் என்று கேளுங்கள். நட்பாக நடத்துகிற ஸ்டூடியோ என்றால், புதன்கிழமை யாராவது ஒருவர் அலமாரியைப் பார்த்து, சீக்கிரம் காய்வதை மூடி, காயாததைத் திறந்துவிட்டுப் போவார்கள். அந்த ஆள் இல்லாத இடமாக இருந்தால் ஈரப்பெட்டி ஒன்றை நீங்களே செய்து பெயர் எழுதி அங்கே வைத்துவிடுங்கள்.